ஸ்கிரீன்ல நீலம்... பேப்பர்ல கத்திரிப்பூ!

காலேஜ் மேகஸின், சிம்போசியம் பிரௌச்சர், கல்ச்சுரல்ஸ் போஸ்டர்... எதுவா இருந்தாலும் பிரஸ்ஸுக்கு ஃபைல் அனுப்பும் முன் ஒரு கலர் பரீட்சை!

ஃபேர்வெல் வாரம். மூணு மாசமா தூக்கத்தைத் தொலைச்சு எடிட்டோரியல் டீம் உருவாக்கின காலேஜ் மேகஸின், பிரஸ்ஸில் இருந்து பண்டல் பண்டலா வந்து இறங்குது. கயிறை அறுத்து முதல் காப்பியைக் கையில எடுத்தா... "மச்சி, அட்டைக்கு நீலம்தானே போட்டோம்? இது ஏன்டா கத்திரிப்பூ கலர்ல இருக்கு?" உள்ளே புரட்டினா, க்ரூப் போட்டோவில் பின்வரிசையில நிக்கிற நாலு பேருக்கு முகம் இருக்க வேண்டிய இடத்துல கறுப்புத் திட்டு. கடைசிப் பக்கத்துல காசு கொடுத்த ஸ்பான்ஸரோட போன் நம்பரையே காணோம்!

பிரஸ்ஸுக்கு போன் போட்டா, கூலா ஒரு பதில் வரும். "தம்பி... நீங்க அனுப்பின ஃபைல்ல என்ன இருந்துச்சோ, அதைத்தான் அடிச்சிருக்கோம்!"

கோபம் வரும்தான். ஆனா, அவர் சொல்றது பெரும்பாலும் நிஜம். மெஷின் பொய் சொல்லாது பாஸ். நம்ம கண்ணுக்குத் தெரியாம ஃபைலுக்குள்ளே ஒளிஞ்சிருந்த வில்லங்கத்தைத்தான் அது பேப்பர்ல போட்டு உடைக்குது. விமானம் கிளம்பும் முன்னால பைலட் ஒரு லிஸ்ட்டை வெச்சு ஒவ்வொண்ணா செக் பண்ணுவார் இல்லையா? அச்சு உலகத்திலும் அதே பேர்தான்: 'ப்ரீஃப்ளைட்'. ஃபைல் பறக்கிறதுக்கு முன்னாடியே தரையில வெச்சு தப்பைப் பிடிக்கிற வேலை. இதுக்கு டிசைனர் டிகிரி தேவையில்லை. கொஞ்சம் பொறுமையும் கொஞ்சம் சந்தேகபுத்தியும் போதும்!

ஒளி வேற... மை வேற!

மானிட்டரும் மொபைலும் நிறத்தை ஒளியால் காட்டுகின்றன. சிவப்பு, பச்சை, நீலம் மூணும் சேர்ந்தா வெள்ளை. இதுதான் ஆர்.ஜி.பி. பேப்பர்ல கதையே தலைகீழ். அங்கே மைதான் ராஜா. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புன்னு நாலு மை. பேப்பர்ல பட்டுத் திரும்புற வெளிச்சத்துல ஒவ்வொரு மையும் ஒரு பகுதியை விழுங்கிடும். மை கூடக்கூட இருட்டு கூடும். இது சி.எம்.ஒய்.கே. ('கே' என்பது 'கீ' என்ற சொல்லின் முதல் எழுத்து. மற்ற மூணு நிறங்களையும் கறுப்பை ஆதாரமா வெச்சுப் பொருத்தினதால வந்த பேர்.)

ஸ்கிரீன் காட்டுற எல்லா நிறத்தையும் இந்த நாலு மையால கொண்டுவர முடியாது. பளிச்சுன்னு மின்னுற நியான் பச்சை, எலெக்ட்ரிக் நீலம், சூடான ஆரஞ்சு... இவங்கல்லாம் பேப்பர்ல சோர்ந்து போய்த்தான் உட்காருவாங்க. இது பிரஸ்ஸோட குத்தமும் இல்லை, உங்க குத்தமும் இல்லை. இயற்பியல்! ஆனா, எந்த நிறம் சோரும்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்காம இருந்தா... அது நம்ம குத்தம்.

பிளேட் போட்டா போச்சு!

ஆஃப்செட் பிரஸ்ஸுக்குள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா, ஏன் இவ்வளவு ஜாக்கிரதைன்னு புரியும். உங்க பி.டி.எஃப். உள்ளே போனதும் நாலு நிறமா பிரியும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அலுமினிய பிளேட். அந்தக் காலத்துல முதல்ல ஃபிலிம் எடுத்து, அதிலிருந்து பிளேட் போடுவாங்க. இப்போ கம்ப்யூட்டர்ல இருந்து நேரா பிளேட்டுக்கே போயிடுது. பேப்பர் ஒவ்வொரு யூனிட்டா கடந்து, நாலு மையையும் ஒண்ணு மேல ஒண்ணா வாங்கிக்கிட்டு வெளியே வரும். தப்பு தெரிஞ்சு நிறுத்தினா, பிளேட் காசு போச்சு, பேப்பர் காசு போச்சு, மெஷின் நேரமும் போச்சு. அங்கே 'அன்டூ' பட்டன் கிடையாது!

நம்ம ஊர் சிவகாசியையே எடுத்துக்குங்க. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், பட்டாசுக்கும் லேபிள் வேணும். அந்தத் தேவையில வேர் பிடிச்ச அச்சுத்தொழில், காலண்டர், டைரி, நோட்டுன்னு பரவிச்சு. லேபிள்ல சிவப்பு கொஞ்சம் மாறினாலும் 'இது நம்ம பிராண்டு இல்லையே'ன்னு வாங்குறவர் யோசிப்பார். கலர்னா அங்கே அழகு மட்டுமில்லை, வியாபாரம்!

சரி, நம்ம ஃபைலுக்கு வருவோம். ஆறு வில்லன்கள். ஒவ்வொருத்தரா பிடிப்போம்.

வில்லன் 1: ஒளிஞ்சிருக்கிற ஆர்.ஜி.பி.

பக்கம் முழுக்க சி.எம்.ஒய்.கே.-ல டிசைன் பண்ணியிருப்பீங்க. நடுவுல ஃப்ரெண்டு அனுப்பின ஒரு போட்டோ, நெட்ல எடுத்த ஒரு லோகோ, வேர்டுல இருந்து ஒட்டின ஒரு டேபிள்... மூணும் ஆர்.ஜி.பி.! ஸ்கிரீன்ல வித்தியாசமே தெரியாது. பிரஸ் சாஃப்ட்வேர் அதைத் தன் இஷ்டத்துக்கு மாத்தும்போதுதான் நிறம் எகிறும்.

நீலம் கத்திரிப்பூ ஆகிற ரகசியமும் இதுதான். ஸ்கிரீனின் சுத்த நீலத்தை ஃபோட்டோஷாப்பில் பலரும் மாத்தாம விட்டிருக்கும் அமெரிக்க ஸ்வாப் செட்டிங்கில் மாத்திப் பாருங்க. சயான் 88, மெஜந்தா 77-ன்னு வந்து நிக்கும். சயானும் மெஜந்தாவும் இவ்வளவு நெருங்கினா பேப்பர்ல ஊதாதான் ஜெயிக்கும். டிசைனர்கள் கையாளும் எளிய விதி: நீலம் வேணும்னா, சயானுக்கும் மெஜந்தாவுக்கும் நடுவுல குறைஞ்சது 30 புள்ளி இடைவெளி விடுங்க. சயான் 100, மெஜந்தா 70-க்குக் கீழே. அவ்வளவுதான், நீலம் நீலமாவே இருக்கும்!

வில்லன் 2: கறுப்பிலே மூணு கறுப்பு

கறுப்புன்னா கறுப்புதானேன்னு நினைக்காதீங்க. அச்சுல மூணு ஜாதிக் கறுப்பு இருக்கு.

முதலாவது, கறுப்பு மை மட்டும் 100 சதவிகிதம். எழுத்துக்கு எப்பவும் இதுதான்.

ரெண்டாவது, 'ரிச் பிளாக்'. கறுப்போட மத்த மையும் கொஞ்சம் சேரும். உதாரணமா சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100. முழுப் பக்கக் கறுப்பு பேக்ரவுண்டுக்கு இது கம்பீரம். வெறும் கறுப்பு மை மட்டும் போட்டா பெரிய இடத்துல வெளிறின சாம்பலா தெரியும்.

மூணாவது, ஆர்.ஜி.பி. கறுப்பு தானா மாறி வர்ற கறுப்பு. அதே ஸ்வாப் செட்டிங்கில் அது சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 ஆகும். பத்து பாயின்ட் எழுத்துல இது வந்தா கதை கந்தல்! நாலு பிளேட்டும் மயிரிழை பிசகாம ஒண்ணு மேல ஒண்ணு உட்காரணும். கொஞ்சம் நகர்ந்தாலும் எழுத்தோரத்துல நீல நிழல், சிவப்பு நிழல். அதுவும் நம்ம தமிழ் எழுத்துக்கு இது டபுள் ஆபத்து. 'ண', 'ஞ', 'ணை' எல்லாம் சுழி மேல சுழி. புள்ளியோ கடுகு சைஸ். நிழல் விழுந்தா சுழி அடைச்சுக்கும், புள்ளி கரைஞ்சு போகும். கறுப்பு பேக்ரவுண்டுல பொடி வெள்ளை எழுத்து போட்டாலும் இதே தலைவலிதான். அங்கே எழுத்தைக் கொஞ்சம் பெருசா, தடிமனா வைங்க.

இன்னொரு எச்சரிக்கை: கலர் லிஸ்ட்டில் 'ரெஜிஸ்ட்ரேஷன்'னு ஒண்ணு இருக்கும். பார்க்க கறுப்பு மாதிரியே இருக்கும். அது ட்ரிம் மார்க்குகளுக்கானது. நாலு மையும் 100, மொத்தம் 400 சதவிகிதம். தப்பித் தவறி எழுத்துக்கோ பேக்ரவுண்டுக்கோ கொடுத்துடாதீங்க!

வில்லன் 3: பேப்பர் எவ்வளவு குடிக்கும்?

நாலு மையையும் கூட்டினா வர்ற சதவிகிதத்துக்கு 'மொத்த மை அளவு'ன்னு பேர். பேப்பருக்கும் வயிறு உண்டு பாஸ். ஆர்ட் பேப்பர் சுமார் 300 முதல் 330 வரை தாங்கும். மேப்லித்தோ மாதிரி பூச்சு இல்லாத பேப்பருக்கு அதைவிடக் குறைச்சல். செய்தித்தாள் அச்சுக்கான ஐ.எஸ்.ஓ. தரத்தில் உச்சவரம்பே 240-தான்.

மீறினா? மை காயாது. அடுக்கி வெச்ச தாள்ல கீழ் தாளின் படம் மேல் தாளின் முதுகுல ஒட்டிக்கும். இருண்ட பகுதியில இருக்கிற நுணுக்கமெல்லாம் சேறா குழம்பிப் போகும். நைட் எஃபெக்ட் போஸ்டர், கச்சேரி மேடை போட்டோ வெச்சிருக்கிறவங்க முதல்ல இதைத்தான் பார்க்கணும்.

வில்லன் 4: அஞ்சாவது ஆள்

ஸ்பான்ஸர் லோகோவை அனுப்புவாங்க. அதுக்குள்ளே 'பான்டோன்' நிறம் ஒண்ணு உட்கார்ந்திருக்கும். நாலு மையைக் கலந்து வராம, தனி மையா கலக்கி அடிக்கிற நிறம் இது. பேர் 'ஸ்பாட் கலர்'. 1963-ல் வந்த பான்டோன் முறை, உலகம் முழுக்க ஒரே எண்ணுக்கு ஒரே நிறம்னு ஒரு பொது பாஷையை உண்டாக்கிச்சு. தப்பே இல்லை. ஆனா, உங்க பட்ஜெட் நாலு கலர். ஃபைல்ல மூணு லோகோ, மூணு ஸ்பாட் கலர்னா பிளேட் கணக்கு ஏழு! ஒரே நிறம் ரெண்டு பேர்ல இருந்தாலும் ரெண்டு பிளேட்டா பிரியும்.

பழைய ஃபைலைத் தூசி தட்டுறவங்களுக்கு ஒரு நியூஸ். 2022 நவம்பரில் அடோபி சாஃப்ட்வேர்களில் இருந்து பெரும்பாலான பான்டோன் நூலகங்கள் விலக்கப்பட்டன. தனிச் சந்தா இல்லாத சிலருக்கு, பழைய ஃபைல்ல இருந்த அந்த நிறங்கள் கறுப்பாவே திறந்தது. சீனியர் விட்டுட்டுப் போன டெம்ப்ளேட்டைத் திறக்கும்போது லோகோ நிறத்தை ஒரு தடவை உத்துப் பாருங்க. தனி மைக்குக் காசு இல்லைன்னா சி.எம்.ஒய்.கே.-வா மாத்திட்டு, "சார், நிறம் கொஞ்சம் மாறும்"னு ஸ்பான்ஸர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. அச்சான பிறகு சொன்னா சண்டை, முன்னாடி சொன்னா மரியாதை!

வில்லன் 5: மாயமான வெள்ளை

போன் நம்பர் காணாமப் போன கேஸுக்கு வருவோம். சாதாரணமா ஒரு நிறத்தின் மேல இன்னொரு வடிவம் வந்தா, கீழே இருக்கிற நிறத்துல அந்த இடம் வெட்டி எடுக்கப்படும். 'ஓவர்பிரின்ட்' போட்டா வெட்டாம மேலேயே அடிக்கும். பொடி கறுப்பு எழுத்துக்கு இது நல்லது. பிளேட் நகர்ந்தாலும் எழுத்தைச் சுத்தி வெள்ளைக் கோடு வராது.

இப்போ அந்தக் கறுப்பு எழுத்தை வெள்ளையா மாத்துறீங்க. ஓவர்பிரின்ட் மட்டும் அப்படியே இருக்கு. வெள்ளைன்னா பிரஸ்ஸுக்கு என்ன அர்த்தம்? 'மை வேண்டாம்'! மையே இல்லாத ஒண்ணை மேலே அடிச்சா என்ன வரும்? ஒண்ணும் வராது. நம்பர் அவுட்! சாதாரண வியூவில் ஸ்கிரீன் இதைக் காட்டாது. 'ஓவர்பிரின்ட் ப்ரிவ்யூ' ஆன் பண்ணினாதான் மாட்டும். இலவச அக்ரோபேட் ரீடர்லயே ப்ரிஃபரன்ஸ் போய், பேஜ் டிஸ்ப்ளே பகுதியில இதை 'ஆல்வேஸ்'னு வெச்சுக்கலாம்.

வில்லன் 6: இருட்டுல தொலைஞ்ச முகங்கள்

நிறத்தப்புகள்லயே மனசை அதிகமா காயப்படுத்துறது இதுதான். அட்டை ஊதாவானா சிரிச்சுட்டு விட்டுடலாம். மூணு வருஷம் கூடவே உட்கார்ந்த ஒருத்தனோட முகம், கடைசி வருஷ க்ரூப் போட்டோல திட்டா போனா? அந்தப் புத்தகத்தை அவன் வீட்டுல காட்டுவானா?

காரணம் சிம்பிள். ஸ்கிரீனுக்குப் பின்னால விளக்கு எரியுது. நிழல்ல இருக்கிற முகம்கூட தெரியும். பேப்பருக்குப் பின்னால விளக்கு கிடையாது. போதாக்குறைக்கு, அச்சில் மைப்புள்ளி கொஞ்சம் பரவும். ஃபைல்ல 50 சதவிகிதமா இருக்கிற புள்ளி, ஆர்ட் பேப்பர்லயே 60-களின் நடுவுக்குப் போயிடும். பூச்சில்லாத பேப்பர்ல இன்னும் கூட. நடுத்தர நிறமெல்லாம் ஒரு படி இருண்டு வந்தா, ஏற்கெனவே நிழல்ல நிக்கிற மாநிற, கறுத்த முகங்கள்தான் முதல் பலி.

இதுக்கு ஒரு சரித்திரமும் உண்டு. கோடாக் நிறுவனம் போட்டோ லேப்களுக்கு 'ஷெர்லி கார்டு'ன்னு ஒண்ணு அனுப்பும். அதுல இருக்கிற பெண்ணின் முகத்தைப் பார்த்துத்தான் பிரின்ட்டின் நிறத்தைச் சரிபார்ப்பாங்க. பல வருஷங்களுக்கு அதுல இருந்தது வெள்ளைக்காரப் பெண்களின் முகம்தான். பல இனத்துப் பெண்களும் சேர்ந்த கார்டு 1990-களில்தான் வந்தது. யாரை வெச்சு அளக்கிறோமோ, அவங்களுக்குத்தான் சரியா வரும்!

அதனால, க்ரூப் போட்டோவை செக் பண்ணும்போது முன்வரிசையில பளிச்சுன்னு இருக்கிறவரைப் பார்க்காதீங்க. இருட்டுல நிக்கிறவரைப் பாருங்க. 'கர்வ்ஸ்' வெச்சு நிழல் பகுதியைத் தூக்குங்க. கன்னத்துல ஐ-டிராப்பர் வெச்சு எண்களைப் படிங்க. மஞ்சள், மெஜந்தாவுக்குச் சமமா அல்லது கொஞ்சம் கூடுதலா இருக்கணும். சயான் அதுக்கெல்லாம் கீழே. கறுத்த நிறத்துல சயான் கொஞ்சம் கூடும், ஆனா மெஜந்தாவை எட்டிப் பிடிச்சா முகம் சாம்பல் பூத்துடும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க. யாரையும் வெளுக்க வைக்கச் சொல்லலை. அவங்கவங்க நிறத்துலயே அவங்கவங்க தெரியணும்!

கூடவே ஒரு விஷயம். போட்டோவை வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா சுருங்கிடும். 'டாக்குமென்ட்'டா அனுப்பச் சொல்லுங்க. அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 பிக்ஸல் இருக்கணும்.

எதை வெச்சு செக் பண்றது?

அக்ரோபேட் ப்ரோ இருந்தா பாதி வேலை முடிஞ்சது. 'பிரின்ட் புரொடக்ஷன்' பகுதியில் 'அவுட்புட் ப்ரிவ்யூ' திறங்க. நாலு மையும் லிஸ்ட்டா வரும். அஞ்சாவது பேர் தெரிஞ்சா, ஸ்பாட் கலர் மாட்டிக்கிச்சு. கறுப்புக்கு நேரே இருக்கிற டிக்கை எடுங்க. எழுத்தெல்லாம் சுத்தமா மறையணும். பேய் மாதிரி நிழலா நின்னா, அது நாலு கலர் கறுப்பு! 'ஷோ' மெனுவில் ஆர்.ஜி.பி. தேர்ந்தெடுத்தா ஒளிஞ்சிருக்கிறவங்க மட்டும் தெரிவாங்க. 'டோட்டல் ஏரியா கவரேஜ்'ல 300-ன்னு போட்டா, மீறின இடமெல்லாம் பளிச்சுன்னு காட்டிக்கொடுக்கும்.

காசு இல்லையா? 'ஸ்க்ரைபஸ்' இலவசம். லேஅவுட் பண்ணலாம், ஃபைலைச் சரிபார்க்கும் 'ப்ரீஃப்ளைட் வெரிஃபையர்' உள்ளேயே இருக்கு. கோஸ்ட்ஸ்கிரிப்ட்டையும் சேர்த்து நிறுவினா, பிரின்ட் ப்ரிவ்யூவில் ஒவ்வொரு பிளேட்டையும் தனித்தனியா பார்க்கலாம். கேன்வால டிசைன் பண்றவங்க கவனிக்க: சி.எம்.ஒய்.கே. பி.டி.எஃப். எடுக்கிற வசதி கட்டண வெர்ஷன்லதான்.

பி.டி.எஃப். எடுக்கும்போது 'பி.டி.எஃப். எக்ஸ்-1ஏ'ன்னு ஒரு தரம் இருக்கும். 2001-ல் ஐ.எஸ்.ஓ. வெளியிட்டது. ஆர்.ஜி.பி.-க்கு அங்கே இடமில்லை, எழுத்துரு உள்ளேயே பதிஞ்சிருக்கணும். புதுசான 'எக்ஸ்-4' ஆர்.ஜி.பி.-யையும் அனுமதிக்கும். அதனால 'எக்ஸ்-4 போட்டாச்சு, எல்லாம் சி.எம்.ஒய்.கே.'ன்னு நிம்மதியா தூங்காதீங்க. எக்ஸ்-1ஏ-யும் ஒண்ணைப் பார்க்காது... உங்க நீலம் அழகா இருக்கான்னு! அதை நீங்கதான் பார்க்கணும்.

கண்ணையும் கொஞ்சம் கவனிங்க. மானிட்டர் பிரைட்னஸை உச்சத்துல வெச்சு டிசைன் பண்ணினா பேப்பர் இருண்டுதான் தெரியும். ராத்திரி மஞ்சள் வெளிச்ச மோடு ஆன்ல இருந்தா நிறமெல்லாம் பொய். ஹாஸ்டல் ஜெராக்ஸ் கடை கலர் பிரின்ட், எழுத்துப் பிழை பார்க்க ஓகே. நிறத்துக்கு அது சாட்சி ஆகாது. பிரஸ்ஸில் கேட்டு ஒரு ப்ரூஃப் வாங்குங்க. அதைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, கையெழுத்து போட்டுக் கொடுங்க. பிரஸ்ஸுக்கும் உங்களுக்கும் அதுதான் ஒப்பந்தம்.

பிரஸ் அண்ணன்கிட்ட அஞ்சு கேள்வி

டிசைன் ஆரம்பிக்கும் முன்னாடியே போய்க் கேளுங்க. ரொம்ப சந்தோஷமா சொல்வார்!

* அண்ணே, எந்தப் பேப்பர்ல அடிக்கப் போறோம்?
* அந்தப் பேப்பருக்கு எந்த கலர் ப்ரொஃபைல் வைக்கணும்?
* மொத்த மை எவ்வளவு வரை போகலாம்?
* எந்த பி.டி.எஃப். வகை வேணும்? ஆர்.ஜி.பி. போட்டோவை நான் மாத்தணுமா, நீங்க மாத்துவீங்களா?
* ஆஃப்செட்டா, டிஜிட்டலா? ஃப்ளெக்ஸ் பேனருக்கு ஃபைல் வேற மாதிரி வேணுமா?

கிளிக் பண்றதுக்கு முன்... பத்து நிமிஷம்!

* ஆர்.ஜி.பி. ஏதும் மிச்சமிருக்கா?
* நீலத்துல சயான்-மெஜந்தா இடைவெளி 30 இருக்கா?
* எழுத்தெல்லாம் தனிக் கறுப்பா?
* ரெஜிஸ்ட்ரேஷன் கலர் எங்கேயாவது நுழைஞ்சிருக்கா?
* மை அளவு பேப்பர் வரம்புக்குள்ளே இருக்கா?
* வேண்டாத ஸ்பாட் கலர் இருக்கா?
* ஓவர்பிரின்ட் ப்ரிவ்யூவில் எல்லா எழுத்தும் தெரியுதா?
* பின்வரிசை முகங்கள் தெரியுதா?
* டிசைன் பண்ணாத ஒருத்தர் ஒரு தடவை பார்த்தாச்சா?

கடைசிக் கேள்வியை லேசா விட்டுடாதீங்க. அம்பது தடவை பார்த்த கண்ணுக்குத் தப்பு தெரியாது. புதுக் கண்ணு ஒண்ணு அஞ்சே நிமிஷத்துல "இங்கே ஏதோ போன் நம்பர் இருக்கணுமே?"ன்னு கேட்டுடும். அந்த ஒரு கேள்வி, ஆயிரம் காப்பியைக் காப்பாத்தும்!